வெள்ளைக்காரன் பாக்கிறான்

பாரிசில் குடியேறிய தமிழர்களில் பல ரகம் உண்டு. எல்லாவற்றையும் சொல்ல என்னிடம் காகிதம் இல்லை. ஒரே ஒரு ரகத்தை மட்டும் இன்று உங்கள் முன்னால் நிறுத்துகிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. கொஞ்சம் அதட்டும், அதுவும் மிக மெல்லிய குரலில்.

லா ஷப்பல் நிலையத்தில் நீங்கள் மெத்ரோவில் ஏறி உட்காருகிறீர்கள். பக்கத்தில் நண்பர். ஊரிலிருந்து கடிதம் வந்த சந்தோஷத்தில் இரண்டு சொல்லைக் கொஞ்சம் பலமாகச் சொல்லிவிடுகிறீர்கள். உடனே உங்கள் விலாவில் ஒரு முழங்கை இடிக்கிறது.

"மெல்லக் கதை. வெள்ளைக்காரன் பாக்கிறான்."

நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஒரு வெள்ளைக்காரன் பேப்பர் படிக்கிறான். இன்னொருவன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான். ஒரு வெள்ளைக்காரி தன் நாய்க்கு ஏதோ புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் பேசியதைவிட இரண்டு மடங்கு சத்தமாக. அப்படியானால் பார்க்கிறவன் எங்கே? அதை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "நீ பாக்கேக்கை அவன் பாக்கமாட்டான்."

இந்த ரகத்தவரைத் தெருவில் அடையாளம் காண்பது சுலபம். ஒரு வண்டியும் வராத தெருவில், பாரிஸ்காரர் அத்தனை பேரும் சிவப்பு விளக்கைத் திரும்பியும் பாராமல் கடந்துபோக, பச்சை வரும்வரை கைகட்டி நிற்பவர் இவர். கதவில் தோள் பட்டால் கதவிடம் 'பர்தோன்' என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்பார். முருங்கைக்காய் வாங்கினால் அதைச் செய்தித்தாளில் சுற்றி, ரொட்டிக்கடைப் பையொன்றில் நிமிர்த்திச் சொருகி, பிரெஞ்சுப் பாண் கொண்டுபோகிற கனவான்போல ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நடப்பார். கருவாடு பொரிக்கிற நாளில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அவர் வீட்டில் அரை மணி நேரம் வாதம் நடக்கும். திறந்தால் வாசம் எதிர்வீட்டுக்குப் போகும், மூடினால் படிக்கட்டுக்குப் போகும். கடைசியில் கருவாடு பொரிக்கப்படாமலே போகும்.

சரி, யார் இந்த வெள்ளைக்காரன்? தபால்காரனா? பொலிஸ்காரனா? கீழ்வீட்டுக் கிழவியா? இல்லை. அவன் ஒருமை. கடவுளைப் போல எங்கும் நிறைந்தவன், கடவுளைப் போலவே கண்ணுக்குத் தெரியாதவன். ஒரே ஒரு வித்தியாசம், கடவுள் மன்னிப்பார்.

எங்கள் வட்டாரத்தில் இந்த ரகத்தின் தலைமகன் பத்திநாதர். இலங்கையில் மன்னார் ஆள். எழுபத்தெட்டாம் ஆண்டே வந்துவிட்டவர். ஒபர்வில்லியேயில் பொத்தான்களும் நாடாக்களும் மொத்தமாக விற்கிற ஒரு களஞ்சியத்தில் சாவிகள் கோத்த திறப்புக்கோவை அவர் கையில் இருந்தது. வேலைக்குக்கூட கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போவார். பெட்டி தூக்கும்போது அதைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொள்வார்.

அவரை வெறும் கோமாளி என்று நினைத்துவிட வேண்டாம். வந்த புதிதில் அவரும் ஆறு பொடியன்களும் ஓர் அறையில் இருந்தார்கள். ஒருநாள் காலை எவனோ சொன்ன பகிடிக்கு ஏழு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வீட்டுக்காரி மேலே வந்தாள். அறையில் எத்தனை தலை என்று அன்றைக்குத்தான் எண்ணினாள். மத்தியானத்துக்கு முன் ஏழு பேரும் ஜனவரிக் குளிரில் பெட்டியோடு தெருவில் நின்றார்கள். அன்று நின்றுபோன சிரிப்பு அவருக்குத் திரும்பி வரவேயில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னால் வந்த எங்களில் பாதிப் பேரின் அகதி மனுவை எழுதியவர் அவர். விடியற்காலையில் வதிவிடப் பேப்பருக்காகக் காவல் தலைமையகத்து வரிசையில் எங்களோடு வந்து நின்றவரும் அவர். ஆகவே அவர் 'உஷ்' என்றால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். நன்றிக்கடன் வாயைத்தான் முதலில் அடைக்கும்.

இனிச் சம்பவத்துக்கு வருகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஆடி மாதம், சந்தியோகுமையோர் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் சந்தியோகுமையோர் என்கிற அப்போஸ்தலரைப் பிரெஞ்சுக்காரர் 'சேன் ஜாக்' என்பார்கள். அவருடைய கல்லறை ஸ்பெயின் நாட்டில் இருக்கிறதென்று ஆயிரம் வருடமாகச் சனங்கள் அங்கே நடந்து போகிறார்கள். அந்த நடைவழியில், பூர்கோஞ் மாகாணத்துப் பக்கத்தில், ஒரு குன்றின் தலையில் பழைய கோயிலொன்று இருக்கிறது. கூர்வளைவு கட்டுகிற காலத்துக்கும் முந்தியது. ரோமனெஸ்க் பாணி என்பார்கள்: அரைவட்ட வளைவுகள், ஓர் ஆள் படுக்கக்கூடிய பருமனில் சுவர்கள், கஞ்சத்தனமாக வெட்டிய ஜன்னல்கள். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஒன்று இருக்கிறதாம், அதைக் கெடுக்கக்கூடாது என்று பத்திநாதரின் உத்தரவு.

ஒரு பஸ் பிடித்து நாற்பத்தெட்டுப் பேர் புறப்பட்டோம். கத்தோலிக்க வேதக்காரர்தான் அதிகம். சைவக்காரரும் சிலர் ஏறியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் யோகநாதன், ரூ லூயி-பிளாங்கில் ஓர் உணவகத்தில் சமையல். "எந்தச் சாமியெண்டாலும் சாமிதானே, அதோடை ஞாயிற்றுக்கிழமை லீவு" என்பது அவருடைய மதக்கொள்கை. நல்ல மனிதர். ஆனால் இரகசியம் பேசத் தெரியாது. இயற்கை அவருக்கு அந்த வசதியைச் செய்து கொடுக்கவில்லை.

பஸ் பாரிசைத் தாண்டுமுன் பத்திநாதர் முன்னால் எழுந்து நின்றார். கையில் ஒலிவாங்கி. அதையும் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி பேசினார்.

"எல்லாரும் கேளுங்கோ. இது ஊர்த் திருநாள் இல்லை. கோயிலுக்கை சத்தம் போடப்படாது. பிள்ளையள் ஓடப்படாது. பாட்டு வேண்டாம். மெழுகுதிரி ஒரு குடும்பத்துக்கு ஒண்டு. சாப்பாடு நான் சொல்லிற இடத்திலை. ஆரும் கேட்டால் நாங்கள் பாரிஸ் எண்டு சொல்லுங்கோ."

"எங்களைப் பாத்தால் அவங்களுக்குத் தெரியாதோ, அண்ணை?" என்று பின் இருக்கையிலிருந்து யோகநாதன் கேட்டார். பஸ்ஸின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"உஷ்! சாரதி பாக்கிறான்."

சாரதி வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே பார்ப்பான்?

பத்திநாதரின் மனைவி பியட்றிஸ் முன்வரிசை ஜன்னலோரம் இருந்தார். அவரை ஐந்து வருடமாக எனக்குத் தெரியும். ஐந்து வருடத்தில் ஓம், இல்லை, தேத்தண்ணி குடியுங்கோ என்ற மூன்றையும் தவிர அவர் எதுவும் பேசி நான் கேட்டதில்லை. கணவர் தெருவில் பேசவேண்டாம் என்று சொல்லி, அது வீட்டுக்குள்ளும் பரவிவிட்டது. ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்மணியின் வீட்டைத் துப்புரவாக்குகிற வேலை அவருக்கு. அவருக்குப் பக்கத்தில் மேரிறோஸ் என்ற இளம்பெண் இருந்தாள். ஒபர்வில்லியேயில் ஒரு தையல்கூடத்தில் வேலை. ஊரில் இருந்த அவளுடைய தம்பி மடுத்தீனை மாசி மாதம் இராணுவத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள், இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. ஐந்து மாதமாக ஒரு வரி இல்லை. வழி முழுக்க அவள் பியட்றிசின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பியட்றிஸ் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் சாப்பாடு. கோயிலுக்கு முன்னால் விரித்த பாய்போலப் புல்வெளி, நிழல் மரங்கள். பிரெஞ்சுக் குடும்பங்கள் துணி விரித்து, சட்டையைக் கழற்றி, கால் நீட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பத்திநாதர் தெரிந்தெடுத்த இடம் எது தெரியுமா? பஸ்ஸுக்குப் பின்னால், பஸ்ஸுக்கும் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கும் நடுவில் இருந்த மூன்று முழ இடைவெளி. நாற்பத்தெட்டுப் பேரும் வரிசையாக நின்றபடி, மதிலைப் பார்த்துக்கொண்டு, சோற்றுப் பார்சலை நெஞ்சோடு அணைத்துத் தின்றோம். மீன் கட்லெட் பெட்டியைப் பியட்றிஸ் திறந்ததும் பத்திநாதர் தன் தொப்பியைக் கழற்றி, வாசத்தை மதிலுக்கு அப்பால் விசிறிவிட்டார். அங்கே இருப்பவர்கள் முறையிடமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் புல்வெளிப் பக்கமிருந்து ஒரு நாற்றம் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு எங்களைத் தேடி வந்தது. யாரோ ஒரு பிரெஞ்சுக் குடும்பம் பழைய பாலாடைக்கட்டி ஒன்றை அவிழ்த்திருந்தது. பத்திநாதர் திரும்பி யோகநாதனை முறைத்தார்.

"அண்ணை, சத்தியமா நான் ஒண்டும் கொண்டரேல்லை. அது வெள்ளைக்காரன்ர கருவாடு."

"உஷ்!"

பிறகு உள்ளே போனோம். வெளியே ஆடி வெயில், உள்ளே மார்கழிக் குளிர். தூண்களின் தலையிலெல்லாம் சிற்பங்கள். நாக்கை நீட்டுகிற பேய், தராசில் ஆத்துமாவை நிறுக்கிற வானதூதச் சம்மனசு, பணப்பையோடு இழுபடுகிற கஞ்சன், கன்னம் உப்பிய ஒரு காவலாளி. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு கற்தச்சன் தன் அயலவரை எல்லாம் தூணில் ஏற்றிப் பழிவாங்கியிருக்கிறான். நான் காகிதத்தில் செய்வதை அவன் கல்லில் செய்தான். அவனுடையதை யாராலும் கிழித்துப் போட முடியாது.

இன்னொன்றையும் அந்தக் காலத்துக்காரர் செய்திருக்கிறார்கள். கூரை முழுக்கக் கல் வளைவு. கீழே ஒரு பொத்தான் விழுந்தால் மேலே பத்து விழும். இது தெரியாத பத்திநாதர் நான்காம் தூணடியில் நின்றுகொண்டு, வாய் திறந்தவர், கை நீட்டியவர், இருமத் தயாரானவர் எல்லோருக்கும் 'உஷ்' வழங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உஷ்ஷும் கூரைக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, குடும்பத்தோடு திரும்பி வந்தது.

அப்போதுதான் மேரிறோஸ் வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். தலையில் துணியைக் கட்டினாள். கையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு, வாசற்கல்லில் முழங்காலில் நின்றாள். முழங்காலாலேயே பீடத்தை நோக்கி நகரத் தொடங்கினாள்.

நாலு முழம் போயிருப்பாள். ஓடக்கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர் சப்பாத்துச் சத்தம் எதிரொலிக்க ஓடி வந்தார்.

"பிள்ளை! எழும்பு, எழும்பு. என்ன செய்யிறாய்?"

"நேர்த்தி, அண்ணை. தம்பிக்கு."

"ஊரிலை எண்டால் செய். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. இஞ்சை உதெல்லாம் செய்யிறேல்லை. வெள்ளைக்காரன் பாக்கிறான்."

"பாக்கட்டும் அண்ணை. நான் அவனுக்கோ நேந்தனான்?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பத்திநாதருக்குத் தோன்றியது. அவர் கோபிக்கவில்லை. குனிந்து, கெஞ்சுகிற குரலில், உண்மையான பயத்தோடு சொன்னார்.

"உன்ர பேப்பர் இன்னும் முடியேல்லையடி, பிள்ளை. ஆரும் ஏதும் சொல்லி, ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் நான் என்ன செய்யிறது?"

பேப்பர் என்ற சொல்லுக்கு எழும்பாத முழங்கால் அந்த நாளில் எங்களிடம் இருக்கவில்லை. மேரிறோஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். நான்கு விடியற்காலை அவளோடு வரிசையில் நின்ற முகம். எழும்பினாள். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தூணின் அடியில் போய் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல் அழவும் பழகியிருந்தோம்.

அந்த நேரம் நான் எங்கே நின்றேன் என்று கேட்கிறீர்களா? கேட்காமல் விடுவீர்கள் என்று நினைத்தேன். அவள் முழங்காலில் நின்ற கணமே நான் இரண்டு தூண் தள்ளிப் போய், இந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, மேலே இருந்த கஞ்சனை ஆராய்ந்துகொண்டு நின்றேன். அருமையான வேலைப்பாடு.

"ஏன் அந்தப் பிள்ளை அழுறா?" என்று யோகநாதன் கேட்டார். அவரைப் பொறுத்தவரை மெல்லத்தான் கேட்டார்.

"உஷ்!"

"இல்லை அண்ணை, ஆர் என்ன சொன்னது?"

"உஷ்ஷ்! கதையாதேங்கோ!"

பெரிய கதவு திறந்தது. வெள்ளைக்காரர் ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். முதுகில் மூட்டை, கையில் தடி, கழுத்தில் சந்தியோகுமையோரின் யாத்திரிகர் அணிகிற சிப்பி. பல நாளாக நடந்து வருகிறவர்கள் என்பது அவர்களுடைய வாசத்திலேயே தெரிந்தது. வந்ததும் வராததுமாக வாங்கில் இருக்கைகளில் பொத்தென்று விழுந்தார்கள். பருத்த பெண்ணொருத்தி சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, வெடித்த பாதத்தை வாங்கிலில் தூக்கி வைத்துக்கொண்டு "ஐயோ" என்பதைப் பிரெஞ்சில் மூன்று தடவை சொன்னாள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டை எடுத்து விட்டார்கள். சுருதி இல்லை, தாளமும் இல்லை. ஆனால் தொண்டை இருந்தது. எங்கள் பிள்ளைகள் கெக்கலித்தன.

"உஷ்ஷ்ஷ்!" என்றார் பத்திநாதர் பிள்ளைகளிடம். அது பாட்டையே அறுத்துக்கொண்டு போய்ப் பீடத்தில் மோதித் திரும்பியது.

மெழுகுதிரி மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவி எழும்பி வந்தாள். நீல மேலங்கி, கையில் விளக்குமாறு. அவள் பெயர் ஜெர்மேன் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கோயிலின் திறப்பு, திரி, தூசி மூன்றும் அவள் பொறுப்பு. நேராகப் பத்திநாதரிடம் வந்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

"முசியூ, தயவுசெய்து கொஞ்சம் அமைதியாக இருங்கள். அரை மணி நேரமாகக் கோயிலுக்குள் உங்கள் சத்தம் ஒன்றுதான் கேட்கிறது."

எட்டு வருடம். எட்டு வருடமாக அவர் காத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரன் கடைசியில் வந்தே விட்டான். வந்து, எங்கள் நாற்பத்தேழு பேரையும் விட்டுவிட்டு, அவரைப் பிடித்துக்கொண்டான்.

பத்திநாதரின் முகத்தை நான் வர்ணிக்கமாட்டேன். தூணில் ஏற்றலாம்.

கிழவி அதோடு போகவில்லை. மேரிறோசைப் பார்த்துவிட்டாள். "அந்தப் பெண் ஏன் அழுகிறாள்?"

பத்திநாதர் தொண்டையைச் செருமினார். "ஒன்றுமில்லை, மதாம். பஸ் பயணம். களைப்பு."

"களைப்பு இல்லை."

பேசியது யார் என்று நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பியட்றிஸ். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கணவரைக் கடந்து முன்னால் வந்து, தடங்கலில்லாத பிரெஞ்சில் பேசினார். துப்புரவு செய்யப் போகிற வீட்டுக் கிழவியோடு தினமும் பேசிப் பழகிய பிரெஞ்சு அது. அப்படியொன்று அவரிடம் இருப்பது அவர் கணவருக்கே தெரியாது.

"அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மதாம். ஐந்து மாதமாகத் தகவல் இல்லை. வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் வருவதாக நேர்ந்திருக்கிறாள். இவர் விடவில்லை. நீங்கள் பார்ப்பீர்களாம்."

"நானா?" என்றாள் கிழவி.

"நீங்கள் எல்லோரும்."

ஜெர்மேன் பத்திநாதரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். பிறகு அவள் மேரிறோசிடம் போய், விளக்குமாற்றால் நிலத்தைத் தட்டிக் காட்டினாள்.

"நடுவால் போகாதே, மகளே. அங்கே கல் இடுக்கு முழங்காலை வெட்டும். இடது பக்கத்தால் போ, வழுவழுப்பு. எனக்குத் தெரியும். நாற்பத்தொன்றில் என் புருஷன் ஜெர்மன்காரனிடம் கைதியாக இருந்தபோது நான் போனது அந்தப் பக்கத்தால்தான்."

பியட்றிஸ் தமிழில் சொன்னார். மேரிறோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அவர் வந்தவரோ எண்டு கேளுங்கோ, அக்கா."

"வந்தான், வந்தான்" என்றாள் கிழவி. "வந்து முப்பது வருடம் என்னோடு சண்டை பிடித்தான்."

மேரிறோஸ் அழுதபடியே சிரித்துவிட்டாள். வாசலுக்குத் திரும்பிப் போனாள். இடது பக்கத்தால் முழங்காலிட்டாள்.

பத்திநாதர் தன் கோட்டைக் கழற்றி மடித்து, முழங்காலுக்கு வைக்கும்படி நீட்டினார். "வேண்டாம் அண்ணை" என்றாள் மேரிறோஸ். "அப்படி வைத்தால் கணக்கில் சேராது" என்று ஜெர்மேனும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டு மொழியிலும் மறுக்கப்பட்ட கோட்டுடன் மனிதர் ஓரமாக நின்றார்.

பியட்றிஸ் செபமாலையைத் தொடங்கினார். மெல்லிய குரல்தான். ஆனால் அந்தக் கல்வளைவு அதை வாங்கி எட்டுப் பெண்களின் குரலாகத் திருப்பிக் கொடுத்தது. பிறகு நாங்களும் சேர்ந்துகொண்டோம். யோகநாதனுக்குச் செபம் தெரியாது. ஆனால் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற வால் துண்டை இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொண்டார். அந்த இடம் வரும்வரை மூச்சைச் சேமித்து வைத்திருந்து, வந்ததும் விட்டார். சிற்பத்துப் பேய் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். பாதம் வெடித்த பெண்ணும் எழும்பி, வெறுங்காலோடு நொண்டி நொண்டி மேரிறோசின் பின்னால் வந்தாள். அவளோடு வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

பாதி தூரம் போயிருப்போம். பக்க வாசலால் ஓர் உல்லாசப் பிரயாணி வந்தான். அரைக்காற்சட்டை, கழுத்தில் பெரிய கமரா. முழங்காலில் ஊர்கிற மேரிறோசைக் கண்டதும் அவன் கண் அகன்றது. முன்னால் வந்து, ஒரு காலை மடித்துக் குந்தி, கமராவை அவள் முகத்துக்கு நேரே தூக்கினான்.

கவனியுங்கள். இப்போது உண்மையாகவே ஒரு வெள்ளைக்காரன் பார்க்கிறான். ஒற்றைக் கண்ணை மூடி, மற்றக் கண்ணால், வடிவாகப் பார்க்கிறான். எங்கள் எல்லோருக்கும் குரல் தடுமாறியது. பத்திநாதர் என்ன செய்வார்? மேரிறோசை எழும்பச் சொல்வாரா? பியட்றிசை நிறுத்தச் சொல்வாரா? எங்கள் கண் எல்லாம் அவர் மேல்.

அவர் நடந்து போனார். வேண்டாமென்று தள்ளப்பட்ட கோட்டை அந்தக் கமராவுக்கு முன்னால் திரைபோல விரித்துப் பிடித்தார். இந்தத் தடவை மெல்லிய குரலில் பேசவில்லை.

"முசியூ, பார்க்காதீர்கள்."

பிரயாணி திகைத்தான்.

"இது காட்சி இல்லை. அவள் செபிக்கிறாள். பார்க்காதீர்கள்."

அந்த மனிதன் சிவந்துபோய், "பர்தோன், முசியூ, பர்தோன்" என்று கமராவைக் கீழே இறக்கிவிட்டு, கால் நுனியில் நடந்து வெளியே போய்விட்டான். கோட்டைப் பிடித்த கைகளைத் தாழ்த்த மறந்து பத்திநாதர் அப்படியே நின்றார். யாரோ வேறொரு ஆள் பேசியதைக் கேட்டவர்போல இருந்தார். மேரிறோஸ் அவரைக் கடந்து பீடத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தாள். கல்லில் நெற்றியை வைத்தாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

வெளியே வந்ததும் மிச்சக் கட்லெட் பெட்டியோடு நாங்கள் எங்கே போய் உட்கார்ந்தோம் தெரியுமா? புல்வெளியில், நட்ட நடுவில். யாரும் யாரையும் கேட்கவில்லை, பியட்றிஸ் போய் உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். பாதம் வெடித்த பெண்ணுக்கு யோகநாதன் ஒரு கட்லெட்டும் அதன்மேல் தாராளமாகக் காரச் சம்பலும் கொடுத்தார். அவள் தின்று, கண்ணீர் வழிய, இன்னொன்று கேட்டாள். ஜெர்மேன் இரண்டை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். பத்திநாதர் புல்வெளியின் ஓரத்தில் நின்றார்.

"வந்து இருங்கோ" என்றார் பியட்றிஸ்.

"காற்சட்டையிலை புல்லுப் பிடிக்கும்."

"இருங்கோ."

உட்கார்ந்தார்.

ஐப்பசியில் மேரிறோசுக்குக் கடிதம் வந்தது. நாலு வரி, தம்பியின் சொந்தக் கையெழுத்து. உயிரோடு இருந்தான். அடுத்த வைகாசியில் விட்டார்கள். வெளியே வந்து எழுதிய கடிதத்தில் இடது காது கேட்பதில்லை என்று இருந்தது. ஐப்பசியில் வந்த அந்த நாலு வரியை அவள் முதலில் கொண்டுபோய்க் காட்டியது பத்திநாதரிடம். அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, சமையலறைக்குள் போய், வெகுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்திருந்தார். பியட்றிஸ் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். கூடவே வேலை செய்கிற வீட்டுக் கிழவியைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்தார். மூன்று சொல்லில் ஐந்து வருடம் ஓட்டியவரிடம் இத்தனை சொல் எங்கே கிடந்தது?

பத்திநாதருக்கு வியாதி குணமாகிவிட்டதா? அப்படியெல்லாம் குணமாகிற வியாதியா இது? கோயிலுக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறே மெத்ரோவில் யோகநாதனை இடித்து, "மெல்லக் கதை" என்றார். ஆனால் ஒரு மாற்றம். அவர் இப்போது "வெள்ளைக்காரன் பாக்கிறான்" என்றால், பக்கத்தில் இருக்கும் பியட்றிஸ் "பாக்கட்டும், வடிவாப் பாக்கட்டும்" என்பார். கூடவே வேறொரு வியாதியும் பத்திநாதருக்குப் பிடித்துக்கொண்டது. புதிதாக ஊரிலிருந்து வருகிறவர்களை இருத்தி வைத்து, தான் ஒரு வெள்ளைக்காரனை அதட்டிய கதையைச் சொல்வார். முதலில் ஒரு கமரா இருந்தது. தை மாதத்தில் மூன்று ஆனது. கடைசியாக நான் கேட்டபோது தொலைக்காட்சிக்காரர் வண்டியோடு வந்திருந்தார்கள். அதையும் மெல்லிய குரலில்தான் சொல்வார். ஜன்னல் திறந்திருக்கிறதே.

இவ்வளவு நேரம் பத்திநாதரைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. இதை எங்கே இருந்து வாசிக்கிறீர்கள்? வைத்தியரின் காத்திருப்பு அறையிலா? வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையிலா? அப்படியானால் இந்தப் புத்தகத்தின் அட்டை இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது? தமிழ் எழுத்து வெளியே தெரிகிறதா, அல்லது பின்னால் மடித்து உள்ளங்கைக்குள் வைத்திருக்கிறீர்களா? இல்லை, இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. கை வசதிக்காக மடித்திருப்பீர்கள்.

ஆனால் நான் கேட்டதும், எதிரே யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர்களே, அதுதான்.